எனங்களும் ரன்டைம் ரிஃப்ளெக்ஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனத்துக்கு ரிஃப்ளெக்ஷன் எதற்கு? நம்பர் போதாதா?

எனம் (enum) என்பது ஒரு மாறி எடுக்கக்கூடிய மதிப்புகளைப் பெயர் சொல்லி வரிசையாக வைக்கும் டைப். இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: ஆர்டர்நிலை என்று ஒரு எனம், அதில் காத்திருப்பு, அனுப்பியது, சேர்ந்தது, ரத்து என்று நான்கு உறுப்புகள், உள்ளே 0 முதல் 3 வரை எண்கள். கோட் எழுதும்வரை இது போதும். லாகில் 2 என்று வராமல் சேர்ந்தது என்று வர வேண்டும், கான்ஃபிக் ஃபைலில் ரத்து என்று எழுதினால் புரோகிராமுக்குப் புரிய வேண்டும், எடிட்டர் திரையில் நான்கையும் டிராப்டவுனில் காட்ட வேண்டும் என்று ஆரம்பித்தால்தான் சிக்கல்.

ரன்டைம் ரிஃப்ளெக்ஷன் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தன் டைப்களைப் பற்றித் தானே விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வசதி. அதனிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்: மதிப்பைக் கொடுத்தால் பெயர், பெயரைக் கொடுத்தால் மதிப்பு, எல்லா உறுப்புகளின் பட்டியல், அப்புறம் டைப் என்னவென்றே கம்பைல் நேரத்தில் தெரியாத ஒரு ஆப்ஜெக்டைக் கையில் வைத்துக்கொண்டு "இந்தப் ப்ராபர்ட்டி எனமா, அப்படியானால் உறுப்புகள் என்னென்ன" என்று விசாரிப்பது. முதல் மூன்றையும் ஒரு சுவிட்ச், ஒரு அர்ரே எழுதிச் சமாளித்துவிடலாம். கடைசியாகச் சொன்னதற்கு அப்படி வழியில்லை. சீரியலைசர் (ஆப்ஜெக்டை ஃபைலுக்கோ நெட்வொர்க்குக்கோ எழுதிப் படிப்பது), ப்ராபர்ட்டி எடிட்டர் (ஆப்ஜெக்டின் மதிப்புகளைத் திரையில் மாற்றுவது), ஸ்கிரிப்ட் பைண்டிங் (கோடை ஸ்கிரிப்ட் மொழிக்கு இணைப்பது) எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

கம்பைலருக்குப் பெயர் தெரியும்தானே, ஓடும்போது மட்டும் ஏன் காணோம்?

சி, சி++ குடும்பத்தில் கம்பைல் முடிந்ததும் எனம் வெறும் முழு எண். பயன்படுத்தாத வசதிக்கு யாரும் விலை கொடுக்கக் கூடாது என்பது சி++இன் கொள்கை, அதனால் பெயர்கள் பைனரிக்குள் (கம்பைல் செய்து கிடைக்கும் ஃபைலுக்குள்) போவதில்லை. டிபக்கரில் மட்டும் பெயர் அழகாகத் தெரிகிறதே என்றால், அது டிபக் தகவலில் (லினக்ஸில் ட்வார்ஃப் வடிவத்தில்) தனியாக எழுதி வைத்திருப்பது. ஸ்ட்ரிப் செய்தால், அதாவது டிபக் தகவலை உரித்தெடுத்தால், அதுவும் போய்விடும். ஒரு மதிப்பின் டைப்பைக் கேட்கும் சி++இன் டைப்ஐடியும் உதவாது. டைப்பின் பெயரைத்தான் தரும், அதையும் ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டும் மாங்கிள் செய்த (தங்கள் உள்வசதிக்கு மாற்றிக் குறியீடாக்கிய) வடிவத்தில் தரும். உறுப்புகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

எந்த மொழியாக இருந்தாலும் ஓடும்போது பெயர் வேண்டுமென்றால் பைனரிக்குள் எங்கோ ஓர் அட்டவணை இருந்தாக வேண்டும். அதை எழுதுவது கம்பைலரா, ஒரு ஜெனரேட்டரா, நீங்களா என்பதில்தான் மொழிக்கு மொழி வித்தியாசம். கையால் எழுதிய அட்டவணை என்றாவது எனத்திலிருந்து விலகிப்போகும். யாரோ ஓர் உறுப்பைச் சேர்ப்பார், அட்டவணையைத் தொட மறப்பார், கம்பைலரும் வாய் திறக்காது. அதனால் எனத்தின் டிக்ளரேஷன் ஒன்றிலிருந்துதான் அட்டவணை பிறக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கீழே வருகிற பதில்களை அந்தப் பிடிவாதத்தோடு சேர்த்தே படியுங்கள்.

எந்தெந்த மொழிகளில் இது சும்மாவே கிடைக்கிறது?

ஜாவா (2004இல் வந்த ஜாவா 5 முதல்), சி#, பைத்தான் (2014இல் வந்த 3.4 முதல்), கோட்லின், பிஎச்பி (2021இல் வந்த 8.1 முதல்) எல்லாவற்றிலும் கம்பைலரோ ரன்டைமோ அட்டவணையை வைத்திருக்கிறது. ஸ்விஃப்டில் பட்டியல் வேண்டுமென்றால் கேஸ்இட்டரபிள் என்ற புரோட்டோகாலை நீங்களே சேர்க்க வேண்டும், 4.2 பதிப்பில் வந்தது. கேஸ்களோடு (ஸ்விஃப்டில் உறுப்புக்கு அதுதான் பெயர்) கூடுதல் டேட்டா ஒட்டியிருந்தால் அந்தப் பட்டியலைக் கம்பைலர் தானாக எழுதித் தராது. நியாயம்தான், அத்தகைய எனத்துக்கு "எல்லா மதிப்புகளும்" என்ற ஒரு பட்டியலே பெரும்பாலும் கிடையாது.

ஜாவாவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்களே, கவனிக்க ஒன்றுமே இல்லையா?

இருப்பதிலேயே ஒழுங்கான ஏற்பாடு ஜாவாவுடையதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வோர் உறுப்பும் ஓர் ஆப்ஜெக்ட். ரிஃப்ளெக்ஷன் வழியாகக் கன்ஸ்ட்ரக்டரைப் பிடித்துப் புதிதாக ஓர் உறுப்பை உருவாக்கப் பார்த்தாலும் ஜேவிஎம் (ஜாவா கோடை ஓட்டும் மென்பொருள்) விடாது, எக்செப்ஷன் எறியும். ஆகவே ஆர்டர்நிலை என்ற டைப்பில் ஒரு மதிப்பு கையில் இருந்தால், நல் (null, மதிப்பே இல்லை என்பது) அல்லாதவரை அது அந்த நான்கில் ஒன்றுதான். இந்த உறுதி சி#இல் இல்லை.

ஆனாலும் பலர் விழுகிற குழி ஒன்று உண்டு. ஓர் உறுப்புக்கு மட்டும் தனியாக உடல் எழுதி மெத்தடை மாற்றி வைத்தால், ஜாவா அதற்குப் பின்னால் பெயரில்லாத ஒரு சப்கிளாஸை உருவாக்குகிறது. அந்த உறுப்பிடம் கெட்கிளாஸ் கேட்டால் அந்தச் சப்கிளாஸ்தான் வரும், அதனிடம் நீ எனமா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும்! பொதுவான சீரியலைசர் எழுதுபவர்கள் கெட்டிக்ளேரிங்கிளாஸ் என்ற மெத்தடைப் பயன்படுத்த வேண்டும், அது இதற்காகவே இருக்கிறது. டைப் மட்டும் கையில் இருந்தால் கெட்எனம்கான்ஸ்டன்ட்ஸ் பட்டியலைத் தரும், எனம் இல்லையென்றால் நல் தரும்.

வேல்யூஸ் மெத்தட் ஒவ்வொரு முறையும் புதிய அர்ரேயைத்தான் நகலெடுத்துத் தருகிறது, ஏனென்றால் ஜாவாவில் அர்ரேயை யாரும் மாற்றலாம். சூடான லூப்புக்குள் அதை அழைக்காமல் ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோட்லின் 1.9இல் என்ட்ரீஸ் என்று மாறாத பட்டியலைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சி#இல் டிரைபார்ஸ் ட்ரூ என்கிறது, ஆனால் மதிப்பு எனத்தில் இல்லை. இது நிரல் பிழையா (பக்)?

பக் இல்லை, வடிவமைப்பே அப்படி. சி#இல் எனம் ஒரு முழு எண்ணின் மேல் ஒட்டிய பெயர்ப்பலகை, எந்த எண்ணையும் அதற்குள் காஸ்ட் செய்யலாம் (டைப் மாற்றிப் போடலாம்). ஸ்ட்ரிங்கை எனமாக்கிப் பார்க்கும் எனம்.டிரைபார்ஸ் பெயரை மட்டும் ஏற்பதில்லை, எண் வடிவ ஸ்ட்ரிங்கையும் ஏற்கும். "42" என்று கொடுத்தால் சந்தோஷமாக ட்ரூ சொல்லி, ஆர்டர்நிலை டைப்பில் 42ஐக் கொடுத்துவிடும். வெளியிலிருந்து வரும் ஸ்ட்ரிங்கை இப்படி நம்பினால், பின்னால் டிஃபால்ட் கேஸ் இல்லாத ஒரு சுவிட்ச் எதையும் செய்யாமல் கடந்து போகும், யாருக்கும் தெரியாது. பார்ஸ் செய்த பிறகு, அந்த மதிப்பு எனத்தில் உண்டா என்று சொல்லும் இஸ்டிஃபைன்டைக் கேட்டே ஆக வேண்டும். (ஃபிளாக் வகை எனமென்றால், அதாவது பல உறுப்புகளைக் கூட்டி ஒரே மதிப்பாக வைக்கும் வகையென்றால், இதுவும் காலை வாரும், கீழே பாருங்கள்.)

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தால் மதிப்பை எழுத்தாக்கும் டூஸ்ட்ரிங் எந்தப் பெயரைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பெயர்களைப் பட்டியலிடும் கெட்நேம்ஸ் தரும் வரிசை நீங்கள் எழுதிய வரிசை அல்ல, எண்களைச் சைன் (கூட்டல் கழித்தல் குறி) இல்லாதவையாக எடுத்துக்கொண்ட வரிசை. அதனால் -1 கடைசியில் வந்து நிற்கும். திரையில் காட்டும் வரிசைக்கு இதை நம்ப வேண்டாம், தனி அட்ரிபியூட்டில் வரிசை எண் கொடுங்கள்.

ஜெனரிக் மெத்தடில் (பல டைப்களுக்குப் பொதுவாக எழுதுவது) "இந்த டைப் எனமாகத்தான் இருக்க வேண்டும்" என்று கட்டுப்பாடு வைக்க முன்பு வழியில்லை, சி# 7.3இலிருந்து உண்டு. காஸ்ட் செய்யத் தேவையில்லாத ஜெனரிக் கெட்வேல்யூஸ் டாட்நெட் 5இல் வந்தது. பழைய பதில்களைப் பார்த்து காப்பி அடிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சி++இல் என்னதான் செய்வது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

பழைய வழி எக்ஸ்-மேக்ரோ. உறுப்புகளின் பட்டியலை ஒரே ஒரு மேக்ரோவில் (கம்பைலுக்கு முன் கோடாக விரியும் வார்ப்பில்) எழுதிவிட்டு, அதை ஒரு முறை எனமாகவும், இன்னொரு முறை பெயர்களின் அர்ரேயாகவும் விரிப்பது. பார்க்க அழகாக இருக்காது, எடிட்டரின் ஆட்டோகம்ப்ளீட் தடுமாறும், புதிதாகச் சேருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் ஒரே இடத்தில் எழுதினால் போதும், எந்தக் கம்பைலரிலும் ஓடும், சியிலும் ஓடும். சின்ன எம்பெடட் புராஜெக்டுக்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது மேஜிக் எனம் போன்ற சி++17 லைப்ரரிகள். இவற்றின் தந்திரம் சுவாரசியமானது. ஒரு டெம்ப்ளேட் ஃபங்ஷனுக்கு எனத்தின் மதிப்பை ஆர்க்யுமென்டாகக் கொடுத்தால், ஃபங்ஷனின் முழுப் பெயரைத் தரும் கம்பைலரின் உள்மாறியில் அந்த உறுப்பின் பெயரும் சேர்ந்தே இருக்கும். அந்த எண்ணுக்குப் பெயர் இல்லையென்றால் பெயருக்குப் பதில் ஒரு காஸ்டும் எண்ணும் இருக்கும். லைப்ரரி ஒரு வீச்சுக்குள் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் இப்படிக் கேட்டுப் பார்த்து, பெயர் வந்தவற்றை மட்டும் பொறுக்கி அட்டவணை செய்கிறது, எல்லாம் கம்பைல் நேரத்திலேயே. டிக்ளரேஷனைத் தொடவே வேண்டாம் என்பது பெரிய வசதி. விலையும் இருக்கிறது: வழக்கமான வீச்சு -128 முதல் 127 வரைதான், எச்டிடிபி நிலைக் குறியீடுகள் மாதிரி 404, 500 என்று எண்கள் வைத்திருந்தால் அந்த உறுப்புகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். வீச்சை விரித்தால் கம்பைல் நேரம் ஏறும். அடிப்படை டைப் குறிப்பிடாத பழைய பாணி எனத்தில், வீச்சுக்கு வெளியே உள்ள எண்ணைக் காஸ்ட் செய்வதே வரையறுக்கப்படாத செயல், புதிய கிளாங் அதைக் கம்பைல் நேரத்தில் மறுத்துவிடும். ஆகவே எனம் கிளாஸாக எழுதுங்கள், இல்லையென்றால் அடிப்படை டைப்பையாவது குறிப்பிடுங்கள்.

மூன்றாவது ஜெனரேட்டர், அதாவது கோடை எழுதித் தரும் கருவி. சி++ ஃபிரேம்வொர்க்கான க்யூட் இதில் முன்னோடி: மாக் என்ற கருவி ஹெடரைப் படித்து மெட்டா ஆப்ஜெக்டுக்கான (கிளாஸைப் பற்றிய விவரங்கள் இருக்கும் ஆப்ஜெக்ட்) கோடை எழுதுகிறது. க்யூட் 5.5இல் வந்த க்யூ_எனம் மேக்ரோவை எனத்தின் டிக்ளரேஷனுக்குக் கீழே வைத்தால், க்யூமெட்டாஎனம் வழியாகப் பெயர், மதிப்பு, எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும், க்யூடிபக்கும் எண்ணுக்குப் பதில் பெயரை அச்சிடும். கிளாஸுக்கு வெளியே நேம்ஸ்பேஸில் இருக்கும் எனத்துக்கு 5.8இல் தனி மேக்ரோ வந்தது. கேம் எஞ்சினான அன்ரியல் எஞ்சினின் யூஎனமும் இதே சிந்தனைதான், ஹெடரைப் படிக்கும் கருவி அங்கே வேறு. அதைப் புளூபிரின்டுக்கும் (அன்ரியலின் காட்சி வழி ஸ்கிரிப்ட் மொழி) கொடுக்க வேண்டுமென்றால் அடிப்படை டைப் 8 பிட்டாக இருக்க வேண்டும். சியில் எழுதிய ஜிஆப்ஜெக்ட் என்ற ஆப்ஜெக்ட் சிஸ்டத்தின் உலகத்திலும் ஜிலிப்-எம்கேஎனம்ஸ் என்ற கருவி இதையே செய்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு மதிப்புக்கும் எண், முழுப் பெயர், செல்லப்பெயர் என்று மூன்றையும் தனித்தனியாக வைத்திருப்பது.

நான்காவது, மொழியே தருவது. சி++26க்கான ரிஃப்ளெக்ஷன் 2025 ஜூனில் சோஃபியாவில் நடந்த தரக்குழுக் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. இரண்டு கேரட் குறிகளை ஒரு டைப்புக்கு முன்னால் போட்டால் அதன் பிரதிபலிப்பு கிடைக்கும், எனூமரேட்டர்ஸ்_ஆஃப் உறுப்புகளைத் தரும், ஐடென்டிஃபையர்_ஆஃப் பெயரைத் தரும். வீச்சுக் கணக்கு, மேக்ரோ, தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

சி++26 வந்தால் ரன்டைம் ரிஃப்ளெக்ஷன் வந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. அது கம்பைல் நேர ரிஃப்ளெக்ஷன் மட்டும். டைப் தெரிந்த இடத்தில் நின்றுகொண்டுதான் கேள்வி கேட்க முடியும், நீங்கள் கேட்காத எனத்தின் பெயர் இப்போதும் பைனரிக்குள் போகாது. ஓடும்போது வேண்டுமென்றால் கம்பைல் நேரத்தில் கிடைத்ததை வைத்து ஓர் அட்டவணையை உருவாக்கி, அதை ஒரு ரிஜிஸ்ட்ரியில் (பெயரைச் சொல்லித் தேடக்கூடிய பதிவேட்டில்) பதிய வேண்டும். அட்டவணையைக் கையால் எழுதும் வேலைதான் ஒழிகிறது, ரிஜிஸ்ட்ரி வேலை உங்கள் தலையில்தான். ஆனால் அதுவே பெரிய விடுதலை, இத்தனை வருஷம் மேக்ரோவோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

சொந்தமாக ஆப்ஜெக்ட் சிஸ்டம் எழுதுகிறேன். எனத்துக்கான டிஸ்கிரிப்டரில் (அதன் விவரங்களை வைத்திருக்கும் அட்டவணையில்) என்னென்ன இருக்க வேண்டும்?

டைப்பின் முழுப் பெயர், நேம்ஸ்பேஸோடு. அடிப்படை எண் டைப்பின் அளவு, அது சைன் உள்ளதா இல்லையா. ஃபிளாக் வகையா இல்லையா. அப்புறம் உறுப்புகளின் அர்ரே, ஒவ்வொன்றிலும் பெயர், எண், கூடுதல் குறிப்புகள். டிக்ளரேஷன் வரிசையை அப்படியே காப்பாற்றுங்கள், தேடலுக்கு வேண்டுமானால் தனியாக ஓர் இன்டெக்ஸ் வைத்துக்கொள்ளலாம்.

அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் மெமரி கெடுகிறது. ப்ராபர்ட்டி எடிட்டருக்குக் கிடைப்பது ஆப்ஜெக்டின் முகவரியும் ஆஃப்செட்டும் (அங்கிருந்து எத்தனை பைட் தள்ளி என்பதும்) மட்டும். எனம் 1 பைட், எடிட்டர் அதை இன்ட் என்று நினைத்து 4 பைட் எழுதினால் பக்கத்து மூன்று பைட்டுகள் அழியும். பிழை வேறெங்கோ, வேறொரு நாளில் வெளிப்படும், தேடுபவர் பாடு திண்டாட்டம். எனவே படிப்பதும் எழுதுவதும் டிஸ்கிரிப்டர் வழியாக மட்டுமே நடக்கட்டும். உள்ளே 64 பிட் எண்ணாக வாங்கி, அளவுக்கேற்ப வெட்டி எழுதுங்கள். படிக்கும்போது சைனைப் பார்த்து நீட்டுங்கள், இல்லையென்றால் -1 என்பது 255 ஆகி, பெயர் கிடைக்காமல் நிற்கும்.

பதிவு செய்வதில் இரண்டு தொல்லைகள். குளோபல் ஆப்ஜெக்டின் கன்ஸ்ட்ரக்டரில் பதிகிறேன் என்றால், ஃபைல்களுக்கு இடையே எது முதலில் ஓடும் என்று சி++ சொல்வதில்லை. ஸ்டாட்டிக் லைப்ரரியாக லிங்க் செய்யும்போது, யாரும் தொடாத ஆப்ஜெக்ட் ஃபைலை லிங்கர் எடுக்கவே எடுக்காது, பதிவும் நடக்காது. ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக்காக டிஸ்கிரிப்டரை வைத்து, மாட்யூலின் தொடக்கத்தில் வெளிப்படையாக அழைத்துப் பதிவதே நிம்மதி. அடுத்தது டைனமிக் லைப்ரரிகள். ஒரே எனத்துக்கு இரண்டு டிஎல்எல்களில் (விண்டோஸின் டைனமிக் லைப்ரரி ஃபைல்கள்) இரண்டு டிஸ்கிரிப்டர் பிரதிகள் வரலாம், பாயின்டரை ஒப்பிட்டு ஒரே டைப்பா என்று பார்த்தால் இல்லை என்று வரும். முழுப் பெயரை ஒப்பிடுங்கள், அல்லது முதலில் பதிந்ததையே எல்லாரும் பயன்படுத்தும்படி செய்யுங்கள்.

டெல்ஃபியில் என் எனத்துக்கு ஆர்டிடிஐ (ஓடும்போது கிடைக்கும் டைப் தகவல்) வரவில்லை, ஏன்?

உறுப்புகளுக்கு நீங்களே எண் கொடுத்திருப்பீர்கள். டெல்ஃபியில் எண் குறிப்பிடாத எனத்துக்குத்தான் ஆர்டிடிஐ உண்டு. 0, 1, 2 என்று தானாக ஓடவிடுங்கள், வெளி உலகத்து எண் வேண்டுமென்றால் தனியாக ஒரு கான்ஸ்டன்ட் அர்ரே வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கோ, ரஸ்ட், டைப்ஸ்கிரிப்ட்?

கோவில் எனமே கிடையாது, ஐயோட்டாவோடு (தானாக ஏறும் எண்ணோடு) கான்ஸ்டன்ட்கள்தான். ரிஃப்ளெக்ட் பேக்கேஜால் ஒரு டைப்பின் கான்ஸ்டன்ட்களைப் பட்டியலிட முடியாது. பெயர் தரும் கோடை எழுதும் ஸ்ட்ரிங்கர் கருவியை கோ ஜெனரேட் கட்டளையில் மாட்டுங்கள். அது எழுதும் கோடில் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது: அட்டவணை எழுதிய பிறகு கான்ஸ்டன்ட்களின் எண் மாறினால், மறுபடி ஜெனரேட் செய்யும்வரை கம்பைலே ஆகாது. ஜெனரேட்டர் எழுதும் எல்லாரும் இந்த யோசனையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரஸ்டில் ரன்டைம் ரிஃப்ளெக்ஷன் இல்லை, டைப்பைப் பார்த்து கம்பைல் நேரத்தில் கோடை எழுதும் டிரைவ் மேக்ரோக்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. ஸ்ட்ரம் என்ற கிரேட் (ரஸ்டின் லைப்ரரி) பெயர், பார்ஸிங், பட்டியல் எல்லாவற்றையும் தரும்.

டைப்ஸ்கிரிப்டில் எண் வகை எனம் ஓடும்போது ஓர் ஆப்ஜெக்டாக இருக்கும், அதில் பெயரிலிருந்து எண்ணுக்கும் எண்ணிலிருந்து பெயருக்கும் இரண்டு திசையிலும் சாவிகள். அதனால் நான்கு உறுப்புக்கு ஆப்ஜெக்ட்.கீஸ் எட்டு தரும். ஸ்ட்ரிங் எனத்துக்குத் திரும்பும் திசை கிடையாது. கான்ஸ்ட் எனமென்றால் வழக்கமாக ஆப்ஜெக்டே இருக்காது, ரிஃப்ளெக்ஷன் வேண்டிய இடத்தில் அதைத் தவிருங்கள்.

டேட்டாபேஸில் எண்ணைச் சேமிப்பதா, பெயரைச் சேமிப்பதா?

எதைச் சேமித்தாலும் அது ஓர் ஒப்பந்தம், கோடை மாற்றுவது போல அப்புறம் மாற்ற முடியாது. மிக மோசமானது வரிசை எண்ணைச் சேமிப்பது. அனுப்பியது, சேர்ந்தது இரண்டுக்கும் நடுவில் வழியில் என்று ஒன்றைச் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான், நேற்றுவரை 2 என்றால் சேர்ந்தது, இன்றைக்கு 2 என்றால் வழியில். எந்த எர்ரரும் வராது, டேட்டாபேஸில் உள்ள பழைய பதிவுகள் எல்லாம் பொய் சொல்லும். ஜாவாவின் ஜேபிஏவில் (ஆப்ஜெக்டை டேட்டாபேஸில் சேமிக்கும் ஏற்பாடு) எனுமரேட்டட் அனோட்டேஷனுக்கு ஒன்றும் சொல்லாவிட்டால் ஆர்டினலை, அதாவது இந்த வரிசை எண்ணைத்தான் சேமிக்கும், கட்டாயம் ஸ்ட்ரிங் என்று மாற்றுங்கள்.

பெயரைச் சேமித்தால் இடையில் சேர்ப்பது, வரிசை மாற்றுவது எல்லாம் பாதிக்காது. ஆனால் யாராவது ஐடிஇயில் (கோட் எழுதும் மென்பொருளில்) ரீநேம் செய்தால் உடையும், கோடில் எல்லா இடத்தையும் ஐடிஇ திருத்திவிடும், டேட்டாபேஸை அது தொடாது. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ஒவ்வோர் உறுப்புக்கும் வெளிப்படையாக ஒரு நிலையான குறியீட்டை அட்ரிபியூட்டிலோ ஃபீல்டிலோ கொடுத்து, அதைச் சேமிப்பது. கோடில் பெயர் என்ன ஆனாலும் குறியீடு மாறாது. எண்ணாகத்தான் வேண்டுமென்றால் எண்ணைக் கையால் எழுதுங்கள், நீக்கிய உறுப்பின் எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள். டேட்டாவை அனுப்பும் வடிவமான புரோட்டோபஃப்பில் ரிசர்வ்ட் என்ற வார்த்தை இதற்காகவே இருக்கிறது.

ரிஃப்ளெக்ஷன் தரும் பெயரையே பயனருக்குக் காட்டலாமா?

வேண்டாம். அது புரோகிராமர்களுக்கான பெயர். பெரிய எழுத்து வரும் இடத்தில் இடைவெளி போட்டு அழகாக்கும் ஃபங்ஷனை எல்லாரும் ஒரு முறை எழுதுகிறார்கள், இரண்டாவது மொழி வந்ததும் அது குப்பைக்குப் போகிறது. டைப் பெயரையும் உறுப்பின் பெயரையும் சேர்த்து மொழிபெயர்ப்பு ஃபைலில் தேடும் சாவியாக வையுங்கள். எந்தச் சாவிக்கு மொழிபெயர்ப்பு இல்லை என்பதை டெஸ்டே கண்டுபிடித்துச் சொல்லட்டும், பட்டியல்தான் கையில் இருக்கிறதே.

ஃபிளாக் எனங்களுக்கு ஏன் பெயர் வருவதில்லை?

படிக்க 1, எழுத 2, இயக்க 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 5 என்றால் அதற்குத் தனிப் பெயர் இல்லை, அது படிக்க, இயக்க இரண்டின் கூட்டு. அட்டவணையில் நேராகத் தேடினால் கிடைக்காது, சி#இன் இஸ்டிஃபைன்டும் இல்லை என்றே சொல்லும். பிட் பிட்டாகப் பிரிக்க வேண்டும். பெரிய மதிப்பிலிருந்து இறங்கி வாருங்கள், அப்போதுதான் எல்லாம் என்ற 7 மூன்றாக உடையாமல் ஒரே பெயராக வரும். 0க்கு ஏதுமில்லை என்று ஒரு பெயர் கட்டாயம் வையுங்கள். பிரித்து முடித்தபின் மிச்சம் பிட் ஏதாவது இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், எண்ணாகவே சேர்த்து எழுதுங்கள், படிக்கும்போது திரும்பக் கிடைக்க வேண்டும். சி#இல் ஃபிளாக்ஸ் அட்ரிபியூட் போட்ட எனத்தில் தெரியாத பிட் ஒன்று இருந்தாலும் டூஸ்ட்ரிங் முழுவதையும் எண்ணாகவே தந்துவிடும்.

ஜாவாவில் இந்தத் தலைவலியே வேண்டாம், எனம்செட் பயன்படுத்துங்கள். 64 உறுப்புகள் வரை உள்ளே ஒரே லாங்தான், வேகத்துக்கும் குறைவில்லை.

தெரியாத மதிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

யார் அனுப்பியது என்பதைப் பொறுத்தது. கான்ஃபிக் ஃபைலில் தப்பாக எழுதியிருந்தால் உடனே நிறுத்தி, சரியான பெயர்களின் பட்டியலோடு எர்ரர் காட்டுங்கள். பட்டியல் ரிஃப்ளெக்ஷனிலிருந்தே வரும், பயனருக்கு அது எவ்வளவு உதவி! நெட்வொர்க்கில் எதிர்ப்பக்கம் புதிய பதிப்பாக இருந்தால் கதை வேறு, அங்கே தெரியாத எண்ணைப் பத்திரமாக வைத்திருந்து அப்படியே கைமாற்றுவதுதான் சரி. புரோட்டோபஃப்பின் புரோட்டோ3 அப்படித்தான் செய்கிறது. அதில் முதல் உறுப்பு 0 ஆக இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, அதைக் குறிப்பிடப்படவில்லை என்ற அர்த்தத்துக்கு ஒதுக்குவது வழக்கம். எந்த நிலையிலும் தெரியாததை முதல் உறுப்பாக மாற்றிவிட்டு மௌனமாக நகராதீர்கள், ரத்தான ஆர்டர் காத்திருப்பில் இருப்பதாகக் காட்டும்.

ரிலீஸ் பில்டில் மட்டும் பெயர்கள் அ, ஆ மாதிரி ஓரெழுத்தாக வருகின்றன, அல்லது உடைகிறது.

இது ஷ்ரிங்கரின், அதாவது ரிலீஸ் பில்டைச் சுருக்கும் கருவியின் வேலை. ஆண்ட்ராய்டில் ஆர்8 அல்லது புரோகார்ட், கோடில் நேராக அழைக்காததைத் தேவையில்லாதது என்று முடிவு செய்து நீக்கும் அல்லது பெயரைச் சுருக்கும். ரிஃப்ளெக்ஷன் வழியாக அழைப்பது அதன் கண்ணில் படாது. வேல்யூஸ், வேல்யூஆஃப் இரண்டையும் காப்பாற்றும் கீப் விதி வேண்டும். சீரியலைசர் ஃபீல்டின் பெயரைப் படிக்கிறதென்றால் ஃபீல்டுகளுக்கும் வேண்டும். டாட்நெட்டில் நேட்டிவ் ஏஓடி (முன்கூட்டியே மெஷின் கோடாக்குவது) செய்யும்போது டைப்பைக் கொடுத்துக் கேட்கும் கெட்வேல்யூஸுக்கு எச்சரிக்கை வரும், ஜெனரிக் வடிவத்துக்கு மாறுங்கள், அல்லது டாட்நெட் 7இல் வந்த, அடிப்படை எண்களாகவே தரும் மெத்தடைப் பயன்படுத்துங்கள்.

வேகம் குறையுமா?

பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். பத்து உறுப்புள்ள அர்ரேயை நேராகத் துழாவுவது ஹாஷ் மேப்பை விட வேகமாகவே இருக்கக்கூடும். லட்சக்கணக்கான மெசேஜ்களைப் பார்ஸ் செய்யும் இடத்தில் மட்டும் அளந்து பார்த்து மாற்றுங்கள்.

ஓடும்போது எனத்தில் புதிய உறுப்பைச் சேர்க்க முடியுமா? பிளகின்களுக்கு வேண்டும்.

தேவை அதுவென்றால் உங்களுக்கு வேண்டியது எனம் அல்ல. உறுப்புகள் கம்பைல் நேரத்தில் முடிந்துவிட்டன என்ற உறுதிதான் எனத்தின் பலமே, சுவிட்சில் எதையாவது விட்டுவிட்டால் கம்பைலர் சொல்வது அதனால்தான். பிளகின்கள் சேர்க்கும் பட்டியலுக்குப் பெயரும் ஐடியும் உள்ள சாதாரண ஆப்ஜெக்டுகளை ஒரு ரிஜிஸ்ட்ரியில் பதியுங்கள். ப்ராபர்ட்டி எடிட்டர் இரண்டையும் ஒரே மாதிரி டிராப்டவுனில் காட்ட வேண்டுமென்றால், "தேர்வுகளின் பட்டியல் தருவது" என்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி, எனம் டிஸ்கிரிப்டரும் ரிஜிஸ்ட்ரியும் இரண்டுமே அதை இம்ப்ளிமென்ட் செய்யட்டும்.

ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் வைக்கலாமா?

பழைய பெயரைப் படிப்பதற்காக வைக்கலாம், எழுதும்போது எந்தப் பெயர் என்பது உறுதியாக இருக்க வேண்டும். பைத்தான் இதைத் தெளிவாகச் செய்கிறது: முதலில் எழுதியதே உண்மையான உறுப்பு, அடுத்தது மாற்றுப்பெயர். லூப்பில் மாற்றுப்பெயர் வராது, டண்டர் மெம்பர்ஸில் (__members__) வரும். மாற்றுப்பெயரே கூடாதென்றால் யூனீக் டெக்கரேட்டரைப் போடுங்கள்.

இதற்கெல்லாம் டெஸ்ட் எப்படி எழுதுவது?

ரிஜிஸ்ட்ரியில் உள்ள எல்லா எனங்களின் மேலும் ஓடும் ஒரே டெஸ்ட் போதும். ஒவ்வோர் உறுப்பையும் பெயராக்கி, மறுபடி மதிப்பாக்கி, அதே மதிப்பு வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம். பிறகு டைப் பெயர், உறுப்பின் பெயர், எண், குறியீடு எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி ரெப்போவில் கமிட் செய்யுங்கள். ஒவ்வொரு பில்டிலும் புதிதாக உருவாக்கி அதோடு ஒப்பிடுங்கள். கடைசியில் ஒரு வரி கூடினால் பரவாயில்லை, இருக்கிற வரி மாறினாலோ காணாமல் போனாலோ பில்ட் நிற்கட்டும். அப்போது அந்த மாற்றம் ரிவ்யூவில் ஒரு மனிதரின் கண் முன்னால் வந்துதான் ஆக வேண்டும், டேட்டாபேஸுக்கு மைக்ரேஷன் எழுதியாயிற்றா என்று அவர் கேட்பார்.